டிரான்ஸ்பார்மர் இல்லாத பெட்டி

என் செல்லத் தம்பி பாஸ்கரா, திமிர் பிடித்தவனே,

உன்னைப் பற்றி நல்லவிதமாக ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லித் தெருக்காரர்கள் கேட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தின் மலரில் போடுவார்களாம். உன் படத்துக்குக் கீழே 'எங்கள் தெருவின் விஞ்ஞானி' என்று ஏற்கெனவே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். சரி, எழுதுகிறேன் என்று சொன்னேன். ஆனால் நல்லவிதமாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உன் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. போடுவதென்றால் இதைப் போடட்டும், இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

உன்னைத் தெரியாதவர்கள் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மிஷின் பராமரிப்பு வேலை பார்த்தாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மாடி அறைக்குப் போய்விடுவாய். அங்கே உன் மேசை, உன் சால்டரிங் அயர்ன், உருகின ஈயத்தின் வாசம். வாசலில் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு செய்தாய். கொல்லைச் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் குழாய் செய்தாய். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே செய்து கொடுத்தாய். லாஸ்பேட்டையில் நம் தெரு முழுக்க உனக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிதான். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

நானும் இதே பைத்தியம் பிடித்தவள்தான். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உடைந்த ரேடியோ வாங்கிவந்து நாம் இரண்டு பேரும்தான் பிரித்துப் போட்டோம். நான் டிப்ளமோ படித்து ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து என்னை நீ அக்கா என்று கூப்பிட்டதைவிட 'சர்ட்டிபிகேட்டு' என்று கூப்பிட்டதுதான் அதிகம். நான் எதையாவது பார்த்து, இது ஆபத்துடா என்று சொன்னால் உடனே கோமதியைக் கூப்பிடுவாய். "வந்துட்டா பாரு சர்ட்டிபிகேட்டு. அக்கா, நீ புஸ்தகத்த பாத்து பயந்துகினே இரு. நான் செஞ்சிகினே இருக்கேன்." கோமதி சிரிப்பாள். உன் பெண்டாட்டி ஆயிற்றே. நானும் சிரித்துவிட்டுப் போவேன். உன்னோடு சண்டை போட்டு யாருக்கு ஜெயம் கிடைத்திருக்கிறது?

அந்த மழை நாளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். மேல் டேங்க் நிரம்பி வழிந்தது. நீ செய்த ஆட்டோமேட்டிக் பெட்டி மோட்டாரை நிறுத்தவில்லை. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினாய். அப்போதும் சரியாகவில்லை. தண்ணீர் மட்டத்தை அறிய டேங்குக்குள் தொங்கும் கம்பிகளில் பாசி பிடித்திருக்கும் என்று மாடி ஏறினாய். செருப்பில்லாத கால், ஈரத் தளம். மூடியைத் திறந்து தண்ணீருக்குள் கையை விட்டாய். நான் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது உன்னைக் கீழே கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். கோமதி உன் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்து எல்லோரும் பேசினார்கள். மழை, ஈரம், நேரம் சரியில்லை, நல்லவனை ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறான். ஆளுக்கொரு காரணம். மின்சார விபத்து என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். கரண்ட் எங்கிருந்து அந்தத் தண்ணீருக்கு வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அத்தனை பேரையும் எழுந்து வெளியே போகச் சொல்லிக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. மாடிக்குப் போனேன். யாரோ கழற்றி உன் மேசைமேல் வைத்திருந்த அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

எத்தனை சுத்தமான வேலைடா. ஒவ்வொரு ஈயப் புள்ளியும் மணி மாதிரி மின்னியது. ஒயர்களை நிறம் பார்த்து, வரிசை பார்த்துக் கட்டியிருந்தாய். ஆனால் உள்ளே டிரான்ஸ்பார்மர் இல்லை.

படிப்பவர்களுக்குப் புரியட்டும். சுவரில் வருவது இருநூற்று முப்பது வோல்ட். டேங்கில் தொங்கும் கம்பிக்குச் சின்ன பேட்டரி அளவு கரண்ட் போதும். நடுவில் டிரான்ஸ்பார்மர் வைத்தால் அது வோல்ட்டைக் குறைக்கும். அதோடு சுவர்க் கரண்டையும் டேங்க் கம்பியையும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பிரித்தும் வைக்கும். நீ அதை வைக்கவில்லை. வைத்தால் பெட்டி பெரிதாகும், கனக்கும், அழகு போகும். அதற்குப் பதிலாக ஒரு கண்டன்சரை வைத்து வோல்ட்டைக் குறைத்தாய். வோல்ட் குறைந்தது, பிரிவு போயிற்று. அந்த ரெண்டு முனை பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் ஒன்றும் தெரியாது. திருப்பிச் செருகினால் டேங்க் தண்ணீர் முழுக்கச் சுவர்க் கரண்ட். எந்தப் பக்கம் செருகுகிறோம் என்று யார் பார்க்கிறார்கள்? நீயே அன்றைக்குப் பார்க்கவில்லையே.

அப்போதும் உன்னைக் காப்பாற்ற இன்னொன்று இருந்திருக்க வேண்டும். உன் வீட்டு மெயின் போர்டில் ஒரு டிரிப் ஸ்விட்ச் உண்டு. கரண்ட் தண்ணீர் வழியாகவோ மனிதன் வழியாகவோ கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டுக் கரண்டையே நிறுத்திவிடும். அது ஏன் விழவில்லை என்று கீழே போய்ப் பார்த்தேன். அதன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு ஒயர் போட்டு அதை ஊமையாக்கி வைத்திருந்தாய்.

கோமதியைக் கேட்டேன். "அது சும்மா சும்மா வுழுந்துகினே இருந்துச்சு அண்ணி. இந்த ஆட்டோமேட்டிக் மாட்டினதுலேர்ந்தே அப்டித்தான். இதோட ரோதனயா போச்சுன்னு அவருதான் ஒயர் போட்டாரு" என்றாள்.

சும்மா விழவில்லை பாஸ்கரா. உன் பெட்டி கசிகிறது என்று ஒவ்வொரு தடவையும் அது உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. என்னை சர்ட்டிபிகேட்டு என்று வாயடைத்த மாதிரி அதையும் வாயடைத்தாய். உன்னை எப்படியடா மன்னிப்பது?

உன்னோடு போயிருந்தால் அழுதுவிட்டு ஓய்ந்திருப்பேன். ஆனால் இதே பெட்டியைத் தெருவில் பாதி வீடுகளில் மாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பிளாஸ்டிக் டேங்க், பிளாஸ்டிக் பைப், பிளக் நல்ல பக்கமாக இருப்பது, இந்த அதிர்ஷ்டத்தில் அவர்கள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று கோமதியிடம் சொன்னேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "வீடு வீடா போயி அவரு செஞ்சது தப்புன்னு சொல்லப் போறீங்களா?"

"ஆமா."

"அவரு தன்னத்தானே கொன்னுக்கினாருன்னு சொல்லப் போறீங்க. ஒரு தடவ செத்தது போதாதா அண்ணி?"

அதற்குமேல் அவள் என்னோடு பேசவில்லை. நான் போனால் உள் அறைக்குப் போய்விடுவாள். அவள் காபி கொடுக்காத வீட்டில் உட்கார்ந்து நான் உன் சாமான்களை எடுத்துப் பெட்டிகள் செய்தேன். டிரான்ஸ்பார்மர் வைத்த பெட்டிகள். பெரியவை, கனமானவை, பார்க்க லட்சணமில்லாதவை. உன்னுடையதைக் கழற்றிய இடத்தில் மாட்டிவிட வேறு ஒன்று வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் இதற்கே போயின. உன் சால்டரிங் அயர்னைப் பிடிக்கும்போதெல்லாம் அதை ஜன்னல் வழியாக எறியத் தோன்றியது.

சில வீடுகளில் நான் சொன்னதும் கழற்றிக் கொடுத்தார்கள். சில வீடுகளில் வாசலோடு அனுப்பினார்கள். "அவன் ஞாபகமா ஒண்ணுதான் இருக்கு, அதையும் புடுங்க வந்துட்டியா" என்று உன்னோடு கேரம் ஆடிய ஆள் கேட்டார். உன் பேர் வெளியே தெரிந்தது எனக்குப் பொறுக்கவில்லை, படித்துவிட்டு லேபில் பெஞ்சு துடைக்கிறவளுக்கு வயிற்றெரிச்சல் என்று தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். என் காதில் விழும்படியேதான் பேசினார்கள். செத்த மூன்றாம் நாளே உன்னைக் கோயில் சிலை ஆக்கிவிட்டார்கள். சிலையைக் குறை சொன்னவள் நான்.

எல்லோரையும்விடப் பிடிவாதமாக நின்றவர் தெருக்கோடி வீட்டு முசியே அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர், பட்டாளத்துக்காரர் என்ற பொருளில் சொல்தா வீடு என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். உன்னைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்தவர். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார்.

"நோன்" என்றார். "கழட்ட மாட்டேன். என் முட்டிக்கு மாடி ஏற முடியாது. இந்தப் பொட்டி வந்தப்புறம்தான் டேங்க எட்டிப் பாக்கற வேல வுட்டுச்சு. பாஸ்கர் எனக்காகச் செஞ்சான். இத்தினி நாளா ஒண்ணும் ஆவல. நீ என்னாத்துக்கு அவன் பேர கெடுக்கற?"

ஒரே ஒரு தடவை டெஸ்டர் வைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு அவரும் கூடவே ஏறிவந்தார், நான் ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவேன் என்று. அவர் மருமகள் ஸ்டெல்லா பின்னால் வந்தாள். மூடியைத் தூக்கி டெஸ்டர் முனையைத் தண்ணீரில் வைத்தேன். விளக்கு எரியவில்லை.

முசியே சிரித்தார். "பாத்தியா?"

பெட்டியின் பிளக் மாடிப்படிக்கு அருகில் வாஷிங் மிஷின் பக்கத்தில் இருந்தது. அதைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன். மறுபடி வந்து, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, முனையைத் தண்ணீரில் வைத்தேன். டெஸ்டருக்குள் செக்கச்செவேல் என்று எரிந்தது. அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

பேசியது ஸ்டெல்லா. "அப்ப எனக்கு அடிச்சது நெசந்தானா?"

அவள் மாமனாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். சில நாள் ஷவர் குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுக்குமாம். சில நாள் ஒன்றும் இருக்காதாம். வாஷிங் மிஷின் போட அந்த பிளக்கைப் பிடுங்குவாளாம், துணி முடிந்ததும் திரும்பச் செருகுவாளாம், எப்படிச் செருகினோம் என்று எங்கே நினைவிருக்கும்? வீட்டில் சொன்னாளாம், யாரும் நம்பவில்லை. கடைசியில் உன்னிடமே சொல்லியிருக்கிறாள்.

"பாஸ்கர் அண்ணன் வந்து பாத்தாரு. அன்னிக்கி ஒண்ணும் அடிக்கல. ஈரக் கையி, பிரமை, டீவி சீரியல் கொஞ்சமா பாருங்கன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதோட நான் வாய தொறக்கல. பக்கெட்ல தண்ணி புடிச்சு வச்சிகினு குளிக்கறேன்."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன் பாஸ்கரா. இதுவரைக்கும் நீ தெரியாமல் செய்தாய் என்று ஒரு மூலையில் உனக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். உனக்கு டிரிப் ஸ்விட்ச் சொன்னது. ஒரு பெண் நேரில் நின்று என் உடம்பில் கரண்ட் அடிக்கிறது என்று சொன்னாள். நீ பிளக்கைத் திருப்பிப் பார்க்கக்கூட மெனக்கெடாமல் அவளைக் கேலி செய்துவிட்டு வந்தாய். அன்றைக்கு அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் நீ இன்றைக்கு இருப்பாய். கோமதிக்குப் புருஷன் இருப்பான். எனக்குச் சண்டை போட ஒரு தம்பி இருப்பான்.

முசியே தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியைக் கழற்றி என்னிடம் கொடுக்கும்போது ஸ்டெல்லாவைப் பார்த்து, "பர்தோன், மா" என்றார். அவள் தலையசைத்தாள். அந்த மன்னிப்பு நீ கேட்டிருக்க வேண்டியது.

அந்த ஒரு வீட்டுக்குப் பிறகு மற்ற வீடுகள் தானாக வழிக்கு வந்தன. ஸ்டெல்லாதான் பேசியிருக்கிறாள். கேரம் ஆளும் பெட்டியைப் பையில் போட்டு என் வீட்டு வாசலில் மாட்டிவிட்டுப் போனார். முகம் கொடுத்துப் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதில் எனக்கு நஷ்டமில்லை.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் உன் வீடியோ எனக்கு நினைவு வந்தது. அந்தப் பெட்டியை எப்படிச் செய்வது என்று மேசை முன்னால் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து நீ பேசிப் போட்டது. தேடிப் பார்த்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 'டிரான்ஸ்பார்மர் செலவு மிச்சம் நண்பர்களே' என்று நீ சொல்லுமிடத்தில் நிறுத்திவிட்டேன். கீழே நீ செத்த பிறகு வந்த கமெண்ட்டுகள். அதில் ஒன்று தவளக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பையன் எழுதியது. அண்ணா சூப்பர், எங்க வீட்ல மாட்டிட்டேன், குளிக்கும்போது லேசா ஷாக் வருது, அது நார்மல்தானா?

உடனே கழற்று, உயிர் போகும் என்று என் பேரில் பதில் போட்டேன். உன் ரசிகர்கள் என்மேல் பாய்ந்தார்கள். நீ யார், எங்க அண்ணன் ஜீனியஸ், தெரிஞ்சா நீ ஒரு வீடியோ போடு பாக்கலாம். என் எழுத்து அந்தக் குப்பையில் புதைந்து போயிற்று. அந்தப் பையன் பதிலே போடவில்லை. வீடியோவை எடுக்க வேண்டுமானால் உன் போன் வேண்டும். போன் கோமதியிடம்.

போனேன். அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். உன் குரல் கேட்டது. தினமும் காலையில் சமைக்கும்போது அந்த வீடியோவைத்தான் போட்டுக்கொள்கிறாள் போலிருக்கிறது, எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 'நண்பர்களே' என்று நீ சொல்ல, அவள் வெங்காயம் நறுக்குகிறாள். அதை அழிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னேன். சொல்லத்தான் வேண்டும்.

"மாட்டேன்" என்றாள். "பொட்டியெல்லாம் புடுங்கிட்டீங்க. அவரு பேர எடுத்துட்டீங்க. இந்தக் கொரல மட்டும் வுடுங்க அண்ணி."

குரலை அவளுக்குத் தனியாக ஏற்றித் தருகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்தப் பையன் எழுதியதைக் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"இந்தப் புள்ளைக்கு யாரும் பதில் சொல்லலியா?"

"நான் சொன்னேன். யாரு கேக்கறா?"

"கல்யாணம் ஆயிருக்குமா அண்ணி, இவனுக்கு?"

எனக்குத் தெரியாது என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

மாடிக்குப் போனோம். நீ உட்காரும் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். நான் உன் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்து, எங்கே கை வைத்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். போனை நான் பிடித்தேன். என்ன பேசுவது என்று ஏதாவது எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நேராகப் பார்த்துப் பேசினாள்.

"இத செஞ்சவரு எங்க வூட்டுக்காரரு பாஸ்கர். இதனாலதான் அவரு செத்தாரு. தண்ணிக்குள்ள கைய வுட்டாரு, போயிட்டாரு. யாரும் இத செய்யாதீங்க. செஞ்சிருந்தா மெயின ஆப் பண்ணிட்டு இப்பவே கழட்டுங்க. நான் அவரு பொண்டாட்டி, பேரு கோமதி. என் பேச்ச நம்புங்க."

ஒரே தடவையில் பேசி முடித்தாள். அதை உன் வீடியோ பக்கத்தில் போட்டோம். உன் பழைய வீடியோவை அவள் கேட்கத் தனியாக ஏற்றிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம். அழிக்கும் பொத்தானை அவளே அழுத்தினாள். அப்புறம் கீழே வந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினோம். அவள் என்னைவிட நன்றாகத் திட்டுகிறாள், தெரியுமா உனக்கு?

கோமதி பேசியதைப் பார்த்துவிட்டுத் தவளக்குப்பத்துப் பையன் எழுதிவிட்டான். கழட்டிட்டேன் அக்கா, அம்மா ரொம்ப திட்டினாங்க என்று. நல்ல அம்மா.

இன்னும் யார் யார் எந்தெந்த ஊரில் அந்தப் பெட்டியை மாட்டிவைத்துக்கொண்டு குளிக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. நீ இருக்கும் இடத்தில் அது உனக்குத் தெரியுமானால் நிம்மதியாகத் தூங்காதே. உனக்கு நான் ஒன்றே ஒன்று வாக்குத் தருகிறேன். எந்த மூலையிலிருந்து எவன் 'லேசா ஷாக் வருது' என்று எழுதினாலும் அன்றைக்கே கோமதியோ நானோ பதில் சொல்வோம். ஒருவர் சொல்வதைக்கூட இனிமேல் பிரமை என்று யாரும் தள்ள விடமாட்டோம். உன்னை மன்னிப்பதைப் பற்றி இப்போது வாக்கு எதுவும் கேட்காதே.

உன்மேல் கோபம் தீராத,
உன் கூடப் பிறந்த அக்கா,
அமுதா